பலகையின் மேல் சமோசா

அத்தியாயம் 17

கரீம் பாஷா பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியாகப் பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அங்கே தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு ஒரு வாஷர்கூட மாற்றவில்லை. ஆனால் ‘புதுமைக் குழு’ என்று ஒன்று முளைத்துவிட்டது.

சாயிரா பானு அவரோடு இருபத்தெட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள். அவர் ஒரு காரியத்தைத் தொடங்கும் விதம் அவளுக்குத் தெரியும். முதலில் பேனர் அடிப்பார். பிறகுதான் எதற்கு என்று யோசிப்பார்.

இந்த முறை பேனர் சங்ககிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டிருந்தது. ‘படைப்பாற்றல் மிக்க ஜமாஅத்! ஒரு நாள் பயிலரங்கு.’ நடுவில் கரீம் பாஷா கைகட்டி நின்றார். பின்னால் பள்ளிவாசல் மினாரா அவர் காதுக்குப் பக்கத்தில் பென்சில் செருகியதுபோலத் தெரிந்தது.

எல்லாம் மகன் முபஷிர் கொண்டுவந்த வினை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், அங்கிருந்து அர்பாஸ் என்ற ஒருவரை அழைத்து வந்திருந்தான். பழைய சமுதாயங்களைப் புதுப்பிப்பதுதான் அர்பாஸின் தொழிலாம். ஏற்கெனவே மூன்று மஹல்லாக்களை மாற்றிக் காட்டியிருக்கிறாராம். என்னவாக மாற்றினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களே!

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதரஸா ஹாலில் பயிலரங்கு தொடங்கியது. ஆண்களுக்கு நாற்காலி, மின்விசிறி. பச்சைத் திரைக்குப் பின்னால் பெண்களுக்குப் பாய்.

சாயிரா பானுவுக்கு மனம் அங்கே இல்லை. நாத்தனார் ஜைத்தூன் பீயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஜைத்தூன், கரீம் பாஷாவின் உடன்பிறந்த அக்கா. இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தாள். அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் இருவருமே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். சாயிராவும் மகள் தஸ்னீமும்தான் டீயும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்கள். கரீம் பாஷா அதைத் தெரியாததுபோல் இருந்தார். தெரியாததுபோல் இருப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை ஜைத்தூன் சாயிராவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருந்தது.

“சாயிரா, நான் மௌத்தானா நீதான் என்னைக் குளிப்பாட்டோணும். கூலிக்கு வர்ற கை எம்மேல படக் கூடாது. வாக்குக் குடு.”

“இப்ப என்னங்க மச்சி அந்தப் பேச்சு?”

“குடுன்னா குடு.”

கொடுத்திருந்தாள். அந்தத் தெருவில் இறந்துபோகிற பெண்களை இருபது வருடமாகக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி அனுப்புகிறவள் சாயிரா பானுதான். அதற்கு யாரும் அவளுக்குப் பேனர் அடித்ததில்லை.

ஒலிபெருக்கியில் அர்பாஸின் குரல் குதித்துக்கொண்டு வந்தது.

“எல்லாரும் ஒரு கனவு எழுதுங்க! அஞ்சு வருஷத்துல நம்ம பள்ளி எப்படி இருக்கணும்? ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, தப்பான ஐடியான்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது!”

அப்படிச் சொல்கிறவனிடம்தான் அது மூட்டை மூட்டையாக இருக்கும் என்று சாயிரா நினைத்தாள்.

ஒட்டுகிற சீட்டுகள் வந்தன. ஆண்களுக்கு நீலம், பெண்களுக்கு ரோஸ். சாயிரா ரோஸ் சீட்டில் எழுதினாள்: ‘மய்யித்துக் குளிப்பாட்டும் கொட்டகைக்கு ஒரு கதவு.’

பள்ளிவாசலுக்குப் பின்னால், இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிற அந்தக் கொட்டகைக்குக் கதவு கிடையாது. பெண் மய்யித்து வந்தால் புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் வேலை. நான்கு முத்தவல்லிகளிடம் கேட்டாகிவிட்டது. நான்காவது முத்தவல்லியோடு ஒரே வீட்டில் இருந்தும் நடக்கவில்லை.

சீட்டுகளை அர்பாஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆண்கள் தரப்பில் குளிர்சாதனம், ஆப், கேமரா, இன்னொரு மினாரா. பிறகு ரோஸ் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்தவர் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒரு சகோதரி ‘கதவு’ன்னு எழுதியிருக்காங்க. சுப்ஹானல்லாஹ்! கதவுன்னா என்ன? வாய்ப்பு! திறப்பு! மூடிக்கிடக்கிற மனசுக்கு ஒரு கதவு! இதாங்க க்ரியேட்டிவிட்டி!”

ஹாலே கைதட்டியது. முபஷிர் விசிலடிக்காத குறை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சாயிராவின் தோளை இடித்தாள். “ஏனுங்க சாயிராக்கா, நெசக் கதவுதானே கேட்டீங்க?”

“ஆமா. ஆசாரி செய்யற கதவுதான்.”

“அவரு என்னமோ மனசுங்கறாரு?”

“அவரு ஊட்டுல மனசுக்குத்தான் தாழ்ப்பாள் போட்டிருப்பாங்களாட்ட இருக்குது. நாய் உள்ள வந்தாத் தெரியும்.”

பாயில் சிரிப்பு ஓடியது. அதற்குள் டீ இடைவேளை விட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சமோசா வாசனை வந்தது. இந்தப் பக்கம் வாசனையோடு சரி.

அப்போதுதான் பின்வாசல் வழியாகத் தஸ்னீம் வந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண், ஓடிவருகிற பழக்கம் இல்லாதவள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

“அம்மா. டீ கொண்டு போனேன். மாமி எந்திரிக்கல.”

“தூங்கறாங்களா?”

“இல்லம்மா.”

சாயிரா “இன்னா லில்லாஹி” என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

* * *

கரீம் பாஷா செய்தியை மைக்கில் அறிவித்தார். சரியான இடத்தில் குரல் உடைந்தது. அது உண்மையா, பழக்கமா என்று சாயிராவால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. ஜைத்தூனின் சின்ன வீட்டில் பெண்கள் குர்ஆனில் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். வாசலில் கரீம் பாஷா, முபஷிர், அர்பாஸ் மூவரும் தலையை ஒன்றாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த சாயிராவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“பாய், நான் சொல்றது தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் அர்பாஸ். “நாளைக்கு ஜும்மாவுக்கு அப்பறம் நம்ம புதுமைக் குழுவோட ஜனாஸா வண்டியைத் தொடங்கிவைக்கறதா இருந்தோம். அதை இன்னிக்கே பண்ணிடலாம். முதல் சேவை முத்தவல்லி வீட்டுலேர்ந்தே! இதைவிட ஒரு செய்தி ஜமாஅத்துக்குக் குடுக்க முடியுமா?”

“மய்யித்தப் படம் எடுக்கக் கூடாதுப்பா.”

“சேச்சே! வண்டியை மட்டும். பக்கத்துல நீங்க நிக்கறீங்க. அவ்வளவுதான்.”

கரீம் பாஷா தாடியைத் தடவினார். அக்காவின் மௌத்தில் தனக்கு எந்தப் பக்கம் நின்றால் வெளிச்சம் விழும் என்று யோசிக்கிற தடவல் அது. சாயிராவுக்கு அந்தத் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது.

“வண்டிக்குள்ள மய்யித்தக் குளிப்பாட்ட ஆளு?” என்று கேட்டார் கரீம் பாஷா.

“ரெண்டு லேடீஸ் சேலத்துலேர்ந்து வர்றாங்க அத்தா,” என்றான் முபஷிர். “டிரெய்னிங் எடுத்தவங்க. யூனிஃபார்ம், கையுறை எல்லாம் இருக்கு.”

சாயிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க. மச்சியை நான்தான் குளிப்பாட்டுவேன். வாக்குக் குடுத்திருக்கறேன்.”

“அம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா,” என்றார் அர்பாஸ் பரிவோடு. “இனி இந்தச் சிரமமெல்லாம் உங்களுக்கு வேண்டாம்னுதான் இந்த வண்டியே.”

“சிரமம்னு நான் உங்ககிட்டச் சொன்னனுங்களா தம்பி?”

“சாயிரா,” என்றார் கரீம் பாஷா. வெளியாள் முன்னால் மட்டும் எடுக்கிற குரல். “காலம் மாறுது. நாமும் மாறோணும்.”

“மாறலாமுங்க. வண்டியை நான் ஒரு தடவ பாத்துப்போட்டு வாரேன். அப்பறம் மாறிக்கலாம்.”

* * *

வண்டி பள்ளிவாசல் வாசலில் பளபளத்துக்கொண்டு நின்றது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் செய்தது. சங்ககிரியில் அதற்கா பஞ்சம்! வெளியே பச்சை வண்ணம், சுற்றிலும் சின்ன விளக்குகள், கதவில் கரீம் பாஷாவின் பெயர் பிறை நிலாவைவிடப் பெரிதாக இருந்தது.

சாயிரா படியில் கால் வைத்து உள்ளே ஏறினாள். துருப்பிடிக்காத எஃகில் ஒரு நீள மேசை. தண்ணீர்த் தொட்டி. குழாய். எல்லாம் இருந்தன. ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்தாள்.

பிறகு வெளியே எட்டிப் பார்த்து மகனைக் கூப்பிட்டாள்.

“முபஷிர், இங்க வா. இந்த மேசையை யாரு இப்படி வெக்கச் சொன்னது?”

மேசை வண்டியின் பக்கச் சுவரோடு ஒட்டவைத்து வெல்டிங் செய்யப்பட்டிருந்தது.

“பட்டறைக்காரர் வெச்சாரும்மா. எடம் நெறயக் கெடைக்கும்னு சொன்னாரு.”

“அவரு லாரி டிரைவர் படுக்கறதுக்குப் பர்த்து கட்டறவரு. அந்தப் பழக்கத்துல கட்டிப்போட்டாரு. அவரு மேல தப்பில்ல. மய்யித்துக்கு ரெண்டு பக்கமும் ஆளு நிக்கோணும்டா. இந்தப் பக்கம் திருப்பிக் கழுவோணும், அந்தப் பக்கம் திருப்பிக் கழுவோணும். அந்தப் பக்கம் யாரு புடிக்கறது? செவுரா?”

முபஷிர் மேசையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

“ரெண்டு மாசம் இதுக்கு மீட்டிங் போட்டீங்களே. குளிப்பாட்டறவகிட்ட ஒருத்தனாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களாடா? உங்கம்மாதானே, பக்கத்து ரூம்லதானே இருந்தேன்?”

அர்பாஸ் கீழே நின்று சிரித்த முகத்தை மாற்றாமல் சொன்னார். “இது முதல் வெர்ஷன்தாம்மா. ஃபீட்பேக் வரவரச் சரிபண்ணிக்கலாம்.”

“மௌத்தானவங்க திரும்பி வந்து ஃபீட்பேக் சொல்லமாட்டாங்க தம்பி.”

அங்கே நின்றிருந்த, தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். கரீம் பாஷா இருமவில்லை. அவர் தன் பெயர் எழுதியிருந்த கதவை மெல்லச் சாத்தினார். சேலத்திலிருந்து வரவேண்டிய இரண்டு பெண்களிடமிருந்தும் அதற்குள் போன் வந்துவிட்டது. பஸ் கிடைக்கவில்லையாம்.

சாயிரா கொட்டகைக்கு நடந்தாள். முபஷிரும் பின்னாலேயே வந்தான். பழைய பலகையே போதும். மூன்று தலைமுறைப் பெண்கள் கடைசியாகப் படுத்த பலகை. நடுவில் தண்ணீர் வடிய வாய்க்கால்போல் பள்ளம் வெட்டி, கால்மாட்டில் துளை போட்டது.

கொட்டகையில் பலகை இல்லை. வாளி இருந்தது, அண்டா இருந்தது. சுவரில் பலகை சாய்த்துவைக்கிற இடத்தில் ஈரக்கறை மட்டும் இருந்தது.

“இங்கிருந்த பலகை எங்கடா?”

முபஷிர் விழித்தான். “எந்தப் பலகை?”

“நீளமா. நடுவுல பள்ளமா.”

அவன் முகம் மெல்ல வெளிறியது. அதைப் பார்த்தவுடன் சாயிரா மதரஸா ஹாலை நோக்கி நடந்தாள். ஆண்கள் வாசல் வழியாகவே உள்ளே போனாள். மௌத்துச் செய்தி வந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு பேர் டீ டம்ளரோடு அங்கேயே நின்றிருந்தார்கள். ஒரு பெண் நேராக உள்ளே வந்ததைப் பார்த்துச் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ஹாலின் கோடியில் இரண்டு பெஞ்சுகளின் மேல் நீளமாக ஒரு மேசை. வெள்ளை விரிப்பு. விரிப்பின் மேல் தட்டுத் தட்டாகச் சமோசா, பிஸ்கட், புதினாச் சட்னி. சட்னிக் கிண்ணம் நடுவில் லேசாகச் சாய்ந்து நின்றது. அங்கேதான் பள்ளம்.

சாயிரா விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

“என்னங்கம்மா தேடறீங்க?” என்றார் ஒரு பெரியவர், வாயில் பாதிச் சமோசாவோடு.

“ஒண்ணுமில்லீங்க பாய். மய்யித்துப் பலகை. நீங்க சாப்பிடுங்க.”

விரிப்பு விலகியது. பெரியவர் பலகையைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். அவருடைய சம்சாரத்தைப் போன வருடம் அதில்தான் கிடத்தியிருந்தார்கள். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

“யாருக்குங்க தெரியும்?” என்று புதுமைக் குழுப் பையன் ஒருவன் முனகினான். “கொட்டாயில சும்மா கெடந்துச்சு. கழுவித்தான் போட்டோம்.”

“நான் கழுவாத பலகையா தம்பி அது? அத நீ கழுவுனயாக்கும்!”

அதற்குள் ஹாலுக்குத் திரும்பியிருந்த அர்பாஸின் கையிலும் ஒரு சமோசா இருந்தது. சாயிரா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“தப்பான ஐடியான்னு ஒண்ணு கிடையாதுங்க. நீங்க சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து, “அந்தப் பக்கம் தூக்குடா,” என்றாள்.

* * *

கொட்டகை வாசலில் இரண்டு புடவைகளைக் கட்டி மறைத்தார்கள். அண்டாவில் இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஆவி விட்டது. கர்ப்பூரம் தனியாக எடுத்துவைத்தாகிவிட்டது. பலகையில் ஜைத்தூன் பீ மூடிய துணிக்குள் சின்ன உருவமாகப் படுத்திருந்தாள். உயிரோடிருந்தபோது அவ்வளவு சின்னவளாக இருந்ததில்லை.

தஸ்னீம் மறுபக்கம் நின்றாள். அவளுக்கு இது முதல் தடவை. முக்காட்டை மறுபடி மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பயமா இருக்குதா?”

“இல்லம்மா.” பிறகு, “அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்,” என்றாள். “காலைல நான் மாமி பக்கத்துல நின்னப்ப அவங்க போன் அடிச்சுது. எடுத்துட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பள. ‘அம்மா, ஏன் இன்னிக்கிப் பேசல’ன்னு கேட்டாங்க. நான் வேற யாரோன்னு நெனச்சு, மாமி மௌத்தாகிட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

“யாராம்?”

“பேரு சொல்லல. அழுதாங்க. வெச்சுட்டாங்க.”

சாயிரா செம்பை வாளியில் அமிழ்த்தினாள். ‘பிஸ்மில்லாஹ்’ என்று வாய் தொடங்கியபோது புடவைக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

“உள்ள வரலாங்களா?”

“குளிப்பாட்டறோமுங்க. யாரு?”

“மேட்டூருங்க. பேரு அஸ்பியா.”

புடவை கொஞ்சம் விலகியது. முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் வலை நெய்கிற நூல் பையில் மாற்றுத் துணி. பஸ்ஸில் நின்றபடியே வந்த கசங்கல். அவள் சாயிராவைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள்.

“இருபது வருசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை பேசுவாங்க. இன்னிக்கிப் பேசல. நான் அவங்க பெத்த மகளுங்க. குளிப்பாட்டறதுக்கு எனக்குத்தானே மொத உரிமை? எனக்கு விடுவீங்களா?”

சாயிராவின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது.

ஜைத்தூனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நாற்பது நாள் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டது என்று இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் வாரமே சாயிராவுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது வேறு யாருமில்லை. கரீம் பாஷாதான். சொல்லும்போது கண்கூடக் கலங்கியது.

சாயிரா புடவையின் ஓரத்தை விலக்கி வெளியே பார்த்தாள். பத்தடி தள்ளி ஹஜ்ரத்தோடு நின்றுகொண்டிருந்தார் கரீம் பாஷா. தெருவில் புதிதாக ஒரு ஆள் நடந்தால்கூட நிறுத்தி ‘எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள’ என்று கேட்காமல் விடாத மனிதர். தன் அக்கா படுத்திருக்கிற இடத்துக்கு நேராக நடந்து வந்த இந்தப் பெண்ணை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவள் சொன்னது உண்மை என்பதற்கு அதுவே போதும்.

காலையிலிருந்து இந்த ஒரு உரிமைக்காகத்தான் சாயிரா வண்டியோடும் மகனோடும் புருஷனோடும் சண்டை போட்டாள். கொடுத்த வாக்கு இன்னும் நெஞ்சில் கனத்தது. ஆனால் பெற்ற மகள் வந்து நிற்கும்போது தம்பி பெண்டாட்டி யார்? மச்சி கேட்டது கூலிக்கு வருகிற கை வேண்டாம் என்றுதானே! இது கூலிக்கு வந்த கை இல்லை.

“ஒளுச் செஞ்சுட்டியா?”

“பஸ் ஸ்டாண்டுலயே செஞ்சுட்டனுங்க.”

“வா கண்ணு.” செம்பை அவள் கையில் கொடுத்தாள். “மொதல்ல வலப்பக்கம். துணிக்கு உள்ளாறயே கை விட்டுக் கழுவு. அவசரப்படாதே. நானும் தஸ்னீமும் புடிச்சுக்கறோம்.”

அஸ்பியா செம்பை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு விரலால் தாயின் நெற்றியைத் தொட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் அதுதான் முதல் முறை என்று அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

சாயிரா பானு திரும்பாமலேயே குரலை மட்டும் புடவைக்கு வெளியே அனுப்பினாள். ஹஜ்ரத்துக்குக் கேட்கும், மகனுக்குக் கேட்கும், அர்பாஸுக்கும் கேட்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினாள்.

“ஏனுங்க முத்தவல்லி. அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. நாப்பது நாள்ல செத்த புள்ள எப்படிங்க மேட்டூர்லயிருந்து பஸ் ஏறி வரும்? அக்காளை மண்ணுல வெக்கறதுக்கு முன்னாடி அத எனக்கு நீங்க சொல்லிப்போடோணும்.”

 வெளியே கரீம் பாஷாவின் செருப்புச் சத்தம் வேகமாகத் தள்ளிப் போனது.